மினிமம் டியூவுக்கும் அரை ஆயுள் உண்டு

வண்ணார்பேட்டையில செல்போன் கடை வச்சிருக்க ஒரு தம்பி கேட்டிருக்கான், "அண்ணாச்சி, கார்டுல 1 லட்சம் பாக்கி, மாசம் தவறாம மினிமம் டியூ கட்டுதேன், புதுசா ஒரு ரூபாய்க்குக் கூட தேய்க்கல, ஆனா பாக்கி அசையவே மாட்டேங்கு, பேங்க்ல போய் என்னன்னு பேச?" மினிமம் டியூன்னா அந்த மாசம் கட்டியே ஆக வேண்டிய குறைஞ்சபட்சத் தொகை. பேசுததுக்கு முன்னால பாக்கி ஏன் அசையலங்கிறதைப் பாத்துருவோம், அது புரிஞ்சாத்தான் எதைக் கேக்கணும்னே தெரியும்.

கார்டு வட்டி மாசம் 3.5 சதவீதம்னு வச்சுக்கிடுங்க, அதாவது 1 லட்சத்துக்கு 3,500. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 630. மொத்தம் 4,130. மினிமம் டியூ பாக்கியில 5 சதவீதம்னா 5,000. நீங்க கட்டுன 5,000-ல அசலுக்குப் போனது வெறும் 870 ரூபா! மினிமம் கட்டுனா பாக்கி ஏறக்கூடாதுன்னு 2022-ல ஆர்பிஐ உத்தரவு போட்டுச்சு, சரிதான், ஏறல, ஆனா இறங்குத வேகத்தைப் பாத்தீங்களா.

எனக்குப் பிடிச்ச இடம் இனிமேதான். அடுத்த மாசம் பாக்கி கொறையுது, உடனே மினிமம் டியூவும் கொறையுது, ஏன்னா அதுவும் பாக்கியில 5 சதவீதம்தான. மாசாமாசம் இருக்கதுல 0.87 சதவீதம் மட்டும் கழியும். மிச்சம் எவ்வளவோ அதுக்குத் தக்கன தேயுத இந்தக் கணக்கை பிளஸ் டூ பிசிக்ஸ்ல கதிரியக்கச் சிதைவுன்னு படிச்சிருக்கோம், அதே சமன்பாடு, அப்போ இந்தக் கடனுக்கும் ஒரு அரை ஆயுள், அதாவது இருக்கது பாதியாகுத காலம், உண்டு! போட்டுப் பாத்தா 79 மாசம், 6 வருஷம் 7 மாசம் வருது. நம்ம கூடங்குளம் மாதிரி அணு உலைக்குள்ள ஸ்டீல்ல இருக்க கோபால்ட் நியூட்ரானை வாங்கி கோபால்ட் 60-ங்கிற கதிரியக்கப் பொருளா ஆகும், அதுக்கே அரை ஆயுள் 5.27 வருஷம்தான். தம்பி கடன் அதை விட கெட்டி. அந்த 79 மாசத்துல அவன் கட்டியிருக்கது கிட்டத்தட்ட 2,87,000, பாக்கி இன்னும் 50,000 நிக்கும்.

இதையே பாக்கி கொறைஞ்சாலும் கொறைக்காம மாசம் 5,000-னு ஒரே தொகையா கட்டிட்டு வந்தா 44 மாசத்துல முடிஞ்சிரும். 8,000 கட்ட முடிஞ்சா 18 மாசம். ஸ்கூல்ல கூட்டு வட்டி நடத்தும்போது ஒரு கார்டு ஸ்டேட்மெண்ட்டை போர்டுல எழுதிப் போட்டா என்னன்னு எனக்கு ரொம்ப நாளா ஆத்திரம். நாம அதைச் சொல்லிக் குடுக்காத எடத்துலதான் மைத்ர முகூர்த்தம் வந்து உக்காருது, அந்த நேரத்துல கொஞ்சம் அடைச்சா மிச்சம் தானா தீருமாம், வாட்ஸ்அப்ல டைம் போட்டு அனுப்புதாங்க. கார்டு வட்டி நாள் கணக்குல ஓடுது, 1 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 115 ரூபா, முகூர்த்தம் பாத்துக் காத்திருக்க ஒவ்வொரு நாளும் தெண்டம்.

சரி, பேங்க்ல என்ன கேக்க? வட்டியைத் தள்ளுபடி பண்ணுங்கன்னு கெஞ்ச வேண்டாம், பாக்கி முழுசையும் ஈஎம்ஐ-யா மாத்திக் குடுங்கன்னு கேளுங்க. வருஷத்துக்கு 18 சதவீதம், 24 மாசம்னு கெடைச்சா தவணை 4,992, வட்டிக்கு ஜிஎஸ்டி முதல் மாசம் 270, பிராசஸிங் ஃபீஸ் தனி. இப்போ கட்டுத அதே 5,000 சொச்சம்தான், ரெண்டு வருஷத்துல ஆளு ஃப்ரீ.

கட்டவே முடியாதவங்களுக்குத்தான் செட்டில்மெண்ட், அதாவது பாக்கியில ஒரு பகுதியை மட்டும் வாங்கிட்டு பேங்க் கணக்கை முடிக்கிறது. 90 நாள் மினிமம் கட்டலைன்னா கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன், ஆயிரும், அடமானம் இல்லாத கடன்ங்கிறதால பேங்க் அதுல 25 சதவீதத்தை தன் லாபத்துல இருந்து ஒதுக்கணும், அதுக்கப்புறமும் ஒரு வருஷம் போனா முழுசையும். புஸ்தகத்துல நட்டம்னு எழுதுன காசு, வந்த வரைக்கும் லாபம், அதான் மூணு மாசம் முன்னால வெறப்பா நின்ன பேங்க் திடீர்னு எறங்கி வருது. அதுக்காக வேணும்னே கட்டாம இருந்து பாக்காதீங்க, நம்ம கடன் வரலாறைப் பதிஞ்சு வைக்கிற சிபில்ல "செட்டில்டு"ன்னு ஏறுனா பொறவு வீட்டு லோன் கேக்கும்போது அதைத் தோண்டி எடுப்பாங்க.

வசூல் ஆளுங்க காலைல 8 மணிக்கு முன்னாலயோ ராத்திரி 7 மணிக்குப் பின்னாலயோ போன் பண்ணக்கூடாது, பண்ணுனா நேரத்தைக் குறிச்சு வச்சு பேங்குக்கு எழுதுங்க, 30 நாள்ல பதில் இல்லைன்னா புகாரைத் தீர்த்து வைக்க ஆர்பிஐ ஓம்பட்ஸ்மேன் இருக்காரு. பேசுதது எல்லாம் மெயில்ல இருக்கட்டும், போன்ல "பாதி குடுத்தா போதும் சார்"னு ஒருத்தன் சொன்னா அந்தத் தொகையும் கெடு தேதியும் போட்டு பேங்க் லெட்டர் வந்த பொறவு பணத்தைப் போடுங்க.