ரிசைன் செய்யும் முன் இன்னொரு முறை பாருங்கள்

என்னிடம் செஸ் கற்கும் மாணவர்கள் தங்கள் ஆட்டத்தைக் காட்ட வரும்போது ஓப்பனிங்கிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் கடைசியிலிருந்து, தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்து கேட்பேன்: "எங்கே ரிசைன் பண்ணினாய்? அந்த நிலையை வை."

சமீபத்தில் ஒரு மாணவி வைத்த நிலை இது. வெள்ளைக்கு இ5இல் ராஜா, டி3இல் பிஷப், ஹெச்5இல் சிப்பாய். கறுப்பாக ஆடிய இவளுக்கு ஜி7இல் ராஜா மட்டும். "ஒரு பிஷப்பும் சிப்பாயும் கூட வைத்திருக்கிறார் சார், அப்புறம் என்ன இருக்கிறது?" என்றாள்.

டிரா இருந்தது. அந்தச் சிப்பாய் கடைசி வரிசையை அடைந்து ராணியாக வேண்டிய ஹெச்8 கறுப்புக் கட்டம். டி3இல் நிற்கும் பிஷப் வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே போகும். கறுப்பு ராஜா அந்த மூலையை விட்டு அகலாமல் இருந்தால் யாராலும் விரட்ட முடியாது. நெருக்கினால் ஸ்டேல்மேட்: ராஜாவுக்குச் செக் இல்லை, நகர இடமும் இல்லை, ஆட்டம் டிரா.

இது அவளுக்குத் தெரியாததும் இல்லை. இதே முடிவாட்டத்தை வகுப்பில் ஆடிப் பார்த்தவள். பிறகு ஏன்? பொறுமையாகக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. பத்து நகர்த்தலுக்கு முன் கவனக்குறைவாகத் தன் பிஷப்பை இழந்திருக்கிறாள். அப்போதே மனதில் ரிசைன் செய்துவிட்டாள். அதற்குப் பிறகு பலகையை அவள் பார்க்கவே இல்லை, கைகுலுக்க நேரம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1902இல் மான்டி கார்லோவில் வான் போப்பியலுக்கு எதிராக ஆடிய மார்கோ, டி4இல் சிக்கிய தன் பிஷப் போய்விட்டது என்று ரிசைன் செய்தார். அதே பிஷப்பை ஜி1இல் வைத்திருந்தால் ஹெச்2இல் செக்மேட் மிரட்டல், கூடவே வெள்ளை ராணி மீது யானையின் தாக்குதல். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அது! ரிசைன் சொன்ன கணமே ஆட்டம் முடிந்துவிடும் என்பதுதான் விதி. திரும்பப் பெற வழியே கிடையாது.

தோற்கும் நிலையில் தொடர்ந்து ஆடுவது எதிராளிக்கு மரியாதைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கிராண்ட்மாஸ்டர்கள் சீக்கிரம் ரிசைன் செய்வது, எதிரே இருப்பவருக்கு ஜெயிக்கும் வழி நிச்சயம் தெரியும் என்பதால். நம் மட்டத்தில் அந்த நிச்சயம் இல்லை. அதனால் என் மாணவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: எதிராளி எப்படி ஜெயிப்பார் என்று நகர்த்தல் நகர்த்தலாக உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் ஆடுங்கள்.

அன்று அதே நிலையிலிருந்து நான் வெள்ளையாகவும் அவள் கறுப்பாகவும் ஆடினோம். ஸ்டேல்மேட் வந்தபோது அவள் ஸ்கோர் ஷீட்டை மறுபடி எடுத்து, பிஷப்பை இழந்த நகர்த்தலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.