குடியிருப்பவரோடு சேர்த்து வாங்கிய வீடு

"கிரயம் முடிஞ்சிடுச்சு சார், சாவிதான் கைக்கு வரலை" என்று வருகிறவர்கள் அதிகம். 30 வருட வில்லங்கச் சான்றிதழை வரி வரியாகப் படித்திருப்பார்கள். மாடியில் யார் இருக்கிறார், எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறார் என்று மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். பதிவாகாத வாடகை ஒப்பந்தம் வில்லங்கத்தில் எப்படித் தெரியும்?

வீட்டை விற்றதாலேயே வாடகை உறவு முறிந்துவிடாது. சொத்து மாற்றுச் சட்டம் 109-வது பிரிவுப்படி, பழைய உரிமையாளர் இருந்த இடத்துக்குப் புதியவர் வருகிறார். ஆனால் கிரயத்துக்கு முந்தைய வாடகை பாக்கி தானாக அவருக்குச் சேராது. வீடு கைமாறியது தெரியாமல் வாடகைதாரர் பழையவருக்கே பணம் கொடுத்திருந்தால், புதியவர் அதை வாடகைதாரரிடம் மறுபடி கேட்கவும் முடியாது. அதனால் பத்திரம் பதிவானதும் முதல் வேலை, கிரய விவரத்தையும் இனி வாடகை யாருக்கு என்பதையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புவது.

அடுத்த தலைவலி வாடகைதாரர் கொடுத்த அட்வான்ஸ். விற்றவர் வாங்கிய தொகை கிரயத் தொகையில் கழிக்கப்பட்டதா, அவரே திருப்பித் தருவாரா என்று பத்திரத்தில் ஒரு வரி இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் ஒரே தொகையாகக் கொடுத்து 'லீஸுக்கு' இருப்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தப் பணத்துக்கு வழி தெரியாமல் அவர் நகரமாட்டார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான்.

சரி, வீடு நமக்கே வேண்டும் என்றால்? தமிழ்நாட்டில் 22.02.2019 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 21-வது பிரிவில் சொந்தத் தேவையும் ஒரு காரணம். வாடகை நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். தனக்கு எந்த வீடு வசதி என்று முடிவு செய்வது உரிமையாளர்தான், வாடகைதாரர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தேவை உண்மையானதாக இருக்க வேண்டும். வெறும் ஆசையோ சாக்கோ எடுபடாது.

வழக்கு சரிவது பெரும்பாலும் குறுக்கு விசாரணையில்தான். மனுவில் "மகன் குடும்பத்தோடு வரப்போகிறார்" என்று இருக்கும். மகன் எங்கே வேலை பார்க்கிறார், இப்போது எந்த வீட்டில் இருக்கிறார், உங்கள் பெயரில் இதே ஊரில் வேறு வீடு உண்டா என்று எதிர்த்தரப்பு வக்கீல் வரிசையாகக் கேட்பார். வேறு வீடு இருப்பது குற்றமில்லை. அதை மனுவில் மறைத்துவிட்டு கூண்டில் ஒப்புக்கொள்வதுதான் ஆபத்து. அது ஏன் போதவில்லை என்று மனுவிலேயே சொல்லிவிடுங்கள். வாடகையை இரட்டிப்பாக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் மிரட்டிவிட்டு, அடுத்த மாதம் சொந்தத் தேவை என்று வந்து நிற்பவர்களும் உண்டு. அந்தச் செய்திகள் அப்படியே சாட்சிய ஆவணமாகிவிடும்.

எழுத்து ஒப்பந்தமே செய்துகொள்ளாதது அதே 21-வது பிரிவில் தனிக் காரணம். சொந்தத் தேவையை நிரூபிக்கும் சுமை இல்லாததால் பலர் அந்த வழியில் போகிறார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எந்த வழியானாலும் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தாதீர்கள். சட்டம் அதைத் தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் புகார் போனால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்கள்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் கேட்டால் கொடுத்துப் பாருங்கள். ஆனால் காலி செய்யும் தேதி, அதுவரை வாடகை, அட்வான்ஸ் திரும்பும் நாள் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.