மவுண்ட்: ஏற்றுவதா, பொருத்துவதா?

வீட்டில் ஒரு லினக்ஸ் கணினியில் உள்ள படங்களை இன்னொன்றில் பார்க்க என்எஃப்எஸ் (ஒரு கணினியின் கோப்புகளை வலையமைப்பு வழியாக இன்னொன்றில் காட்டும் ஏற்பாடு) நல்ல வழி. அதைத் தமிழில் விளக்க வருபவர்கள், ‘வழங்கியில் அடைவை ஏற்றுமதி செய்க, பின் உங்கள் கணினியில் ஏற்றுக’ என்கிற பாணியில் எழுதுகிறார்கள். வழங்கி என்பது கோப்புகளைத் தரும் கணினி (சர்வர்), அடைவு என்பது கோப்புறை (ஃபோல்டர்). படிப்பவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இங்கே ‘ஏற்றுக’ என்பது மவுண்ட் (mount) என்ற கட்டளையின் பெயர்ப்பு: ஒரு வட்டையோ இன்னொரு கணினியின் அடைவையோ உங்கள் அடைவு ஒன்றின் வழியாகத் தெரியவைப்பது. மவுண்ட் என்பது மலையைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பழைய கணினிக் கூடங்களில் நாடாச் சுருளையும் வட்டுத் தொகுதியையும் ஊழியர் கையால் இயந்திரத்தில் மாட்டுவார். அதற்கும் இதே பெயர். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் 1971ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே அது கட்டளையாகிவிட்டது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எஃப்எஸ்ஸைக் கொண்டுவந்தபோது அடுத்த கணினியின் வட்டுக்கும் அது பொருந்தியது.

‘ஏற்று’ என்பதில் எனக்குள்ள முதல் சண்டை, அது ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்பது. லோடுக்கும் ஏற்று, அப்லோடுக்குப் பதிவேற்று, எக்ஸ்போர்ட்டுக்கு ஏற்றுமதி. ‘ஏற்ற முடியவில்லை’ என்று திரையில் வந்தால் எதை என்று கண்டுபிடிப்பது? அன்மவுண்டுக்கு ‘இறக்கு’ என்று போட்டால், பாவம், பதிவிறக்கத்தைத் தேடுவார்கள்.

இரண்டாவது, அது பொய் சொல்கிறது. ஏற்றினால் சரக்கு இடம் மாற வேண்டும். இங்கே ஒரு கோப்பும் நகர்வதில்லை. வழங்கியின் வட்டில் இருந்தபடியே உங்கள் அடைவு வழியாகத் தெரிகிறது. ‘ஏற்றியாயிற்று, என்னிடம் நகல் இருக்கிறது’ என்று நம்பி ஒரு படத்தை அழித்தால், எழுதும் அனுமதி இருக்கும் பட்சத்தில், மூலமே போய்விடும். கோப்புகள் உள்ள அடைவின் மேல் மவுண்ட் செய்தால் அவை அழியாமல் மறைந்து நிற்கும். விலக்கியதும் மறுபடி தெரியும். ‘ஏற்று’ இதை எப்படிச் சொல்லும்?

‘பொருத்து’ சொல்லும். பொருந்து என்பதன் பிறவினை. எதிர்ச்சொல்லாகக் ‘கழற்று’ தயாராக இருக்கிறது, மவுண்ட் செய்யும் அடைவான மவுண்ட் பாயிண்ட்டுக்குப் ‘பொருத்துமிடம்’. ‘இணை’ என்பார்கள் சிலர். இணைப்பு என்றால் கம்பியா, இணையச் சுட்டியா, மின்னஞ்சலோடு வரும் கோப்பா என்று இப்போதே குழப்பம், வேண்டாம். ‘மாட்டு’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் ‘வட்டு மாட்டிக்கொண்டது’ என்று யாராவது எழுதிவிடுவார்கள். எக்ஸ்போர்ட்டுக்குப் ‘பகிர்’ போதும். சுங்கச் சாவடி தேவையில்லை.

கட்டளையை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் நிரப்புவதால் வரும் வினை இது. முனையத்தில் (கட்டளை தட்டும் திரையில்) அந்த அடைவுக்குள் நின்றுகொண்டே கழற்ற முயன்றால் லினக்ஸ் ஒரு செய்தி காட்டி மறுக்கும். அந்தச் செய்தியை ‘இலக்கு வேலையாக உள்ளது’ என்று பெயர்த்தால் யாருக்குப் புரியும்? ‘அடைவு பயன்பாட்டில் உள்ளது, கழற்ற முடியாது’ என்று எழுதினால், படித்தவர் அடைவைவிட்டு வெளியே வந்து மறுபடி முயல்வார்.