மையை ஒளித்துவைக்கும் கூடு

வெள்ளைப் பீங்கான் உருளை. தலையில் ஒரு திருகு, பக்கவாட்டில் குருவி மூக்கு மாதிரி ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணம் காலிதான். திருகை ஒரு பக்கமாகத் திருப்பத் திருப்ப, கிண்ணத்தின் அடியிலிருந்து மை ஊறி வருகிறது. மறுபக்கம் திருப்பினால் வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் பொக்கே என்ற பெயரில் விற்ற பம்ப் மைக்கூடு இந்த வகை.

பம்ப் என்று பெயர் இருந்தாலும் உள்ளே பெரிதாக எதுவும் கிடையாது. திருகோடு சேர்ந்த ஒரு தண்டு மைக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். முக்கால் குடம் தண்ணீரில் கையை விட்டால் மட்டம் ஏறுமே, அதே கதை. ஏறும் மை, துளை வழியாகக் கிண்ணத்தில் எட்டிப் பார்க்கிறது.

தொட்டு எழுத ஒரு சொட்டு மை போதும். அதற்கு ஏன் இத்தனை ஏற்பாடு? காரணம் அந்தக் கால மையின் குணம். மாசிக்காய்ச் சாறு, அன்னபேதி என்கிற இரும்பு உப்பு, கொஞ்சம் பிசின், இவைதான் சரக்கு. அன்னபேதியில் உள்ள இரும்பு, காற்றின் ஆக்சிஜன் பட்டதும் மாறி, சாற்றோடு சேர்ந்து கரையாத கறுப்பாகிவிடும். காகிதத்தில் இது நடந்தால் எழுத்து அழியாது. கூட்டுக்குள்ளேயே நடந்தால் அடியில் சேறு தங்கும், மேலே தண்ணீரும் ஆவியாகும். ஆக, காற்று படும் பரப்பைக் குறைத்தாக வேண்டும்.

இதற்கு இன்னொரு வழியும் கண்டார்கள். கோழிக்குஞ்சுகளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்து வைப்போமே, அதேதான். மேலே அடைபட்ட கண்ணாடிக் கூடு, அதன் அடியில் குட்டிக் கிண்ணம். கிண்ணத்தில் மை குறைந்து வாய் திறந்தால்தான் ஒரு காற்றுக்குமிழி உள்ளே போகும், அந்த அளவுக்கு மை கீழே வரும். கிண்ணத்து மட்டம் மாறாது என்பதால் நிப்பு ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்துக்கு நனையும், காகிதத்தில் பொட்டு விழாது. எனக்கு இதுதான் இரண்டிலும் அழகான யோசனையாகப் படுகிறது.

ஆனால் வெயிலில் காலை வாரிவிடும். கூட்டில் 60 மில்லி காற்று இருக்கிறது என்று வையுங்கள். காலையில் 27 டிகிரி, மதியம் 37. காற்று முப்பதில் ஒரு பங்கு விரியும். ஏறக்குறைய 2 மில்லி, அதாவது நாற்பது சொட்டு மை மேசையில். மை ஊற்றி எழுதும் பேனா, மை தீரும் நேரத்தில் சட்டைப் பையில் கக்குவதும் இதே காரணத்தால்தான். உள்ளே மை குறைந்து காற்று கூடியிருக்கும், உடம்புச் சூடு அதை விரிக்கும். திருகு மைக்கூட்டில் இந்தத் தொல்லை குறைவு.

நத்தை வடிவில் சுழலும் கண்ணாடிக் கூடுகளும் உண்டு. எழுதும்போது கூட்டைச் சாய்த்து வாயைக் கீழே கொண்டுவர வேண்டும், முடித்ததும் மேலே தூக்கிவிட வேண்டும். சேகரிப்பவர்கள் இவற்றையும் விரும்பித் தேடுகிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருப்பதால் என்று நினைக்கிறேன்.

அப்புறம், வாங்கும்போது திருகை முதலில் பாருங்கள். பழைய மை காய்ந்து தண்டைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். பலம் கொடுத்துத் திருப்பினால் பீங்கான் விரிசல் விடும். சாதாரணத் தண்ணீர் ஊற்றி ஓரிரு நாள் ஊறவிட்டு, மெல்ல அசைத்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் பழுப்புக் கறை நிற்கிறதா? அது இரும்புக் கறை, பிளீச்சிங் பவுடருக்கு அசையாது. எலுமிச்சைச் சாறு இரும்பைக் கரைத்து இழுத்துவிடும். உலோகப் பாகங்களிலும் பொன் கோடுகளிலும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.