இருபது சென்டிமீட்டரில் ஒரு பெல் ஏர்

1957ஆம் ஆண்டின் செவ்ரோலே பெல் ஏர் காரின் நீளம் 200 அங்குலம், அதாவது 5.08 மீட்டர். அதையே 1/25 அளவில் பிளாஸ்டிக் மாடலாகச் செய்தால் நீளம் 20 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். நீளம் 25 மடங்கு குறையும்போது பரப்பு 625 மடங்கும் கனஅளவு 15,625 மடங்கும் குறைகின்றன. ஆனால் பெயின்டுப் படலத்தின் தடிமன், அதில் மின்னும் உலோகத் துகள், வார்த்த பிளாஸ்டிக்கின் கனம், திரவத்தின் பரப்பு இழுவிசை ஆகியவை இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. பழைய அமெரிக்கக் கார்களின் மாடல் கிட்டுகளை (பெட்டியில் உதிரிப் பாகங்களாக வரும் மாடல்களை) வாங்கிக் கட்டுபவர்களின் உழைப்பில் பெரும்பகுதி, சுருங்க மறுக்கும் இவற்றைச் சுருங்கியவையாகக் கண்ணுக்குக் காட்டுவதிலேயே செலவாகிறது.

இந்தக் கிட்டுகள் பிறந்த இடம் கார் விற்பனைக் கூடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டெட்ராய்ட் வட்டாரத்தில் ஏஎம்டி, ஜோ-ஹான் போன்ற நிறுவனங்கள், அந்தந்த ஆண்டின் புதுக் கார்களைச் சிறு உருவங்களாகச் செய்து டீலர்களுக்கு வழங்கி வந்தன. 1958இல் ஏஎம்டி, ஒரே பெட்டியில் உள்ள பாகங்களைக் கொண்டு மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்டுகளை வெளியிட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கட்டலாம், அலங்கார மாற்றங்களோடு கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். ஆகவே, மாற்றியமைத்தல் என்பது இந்தப் பொழுதுபோக்கில் பின்னாளில் வந்து சேர்ந்த பழக்கம் அன்று. தொடக்கத்திலேயே பெட்டிக்குள் இருந்த ஒன்று.

கிட்டின் பாகங்கள் பாலிஸ்டைரீனால் ஆனவை. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி இளக்கிய பாலிஸ்டைரீனை, எஃகு அச்சுக்குள் பேரழுத்தத்தில் செலுத்திக் குளிரவைக்கிறார்கள். இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் படிகமாக அடுக்குச் சேராமல் தாறுமாறாகவே உறைந்துவிடுவதால், குளிரும்போது இது ஏறக்குறைய அரை சதவீதமே சுருங்குகிறது; காரின் முகப்பிலுள்ள கிரில்லின் மெல்லிய கம்பிகள்கூடக் கூர்மையாக வார்ப்பில் விழுவதற்கு அதுவே காரணம். காரின் உடற்பகுதியை ஒரே துண்டாக வார்க்க, பக்கவாட்டில் நகரும் தனித்தனித் துண்டுகளைக் கொண்ட அச்சு வேண்டும். அத்துண்டுகள் கூடும் இடங்களில் மெல்லிய வரம்பு ஒன்று, சக்கரத்தின் மேல் மூடியுள்ள ஃபெண்டரின் மேலாக ஓடும். உண்மைக் காரில் இல்லாத அந்த வரம்பை உப்புத்தாளால் தேய்த்து அகற்றுவதுதான் முதல் வேலை. பெயின்டு ஏறியபின் அது முன்னைவிடத் துலக்கமாகத் தெரியும் என்பதால் இதில் அவசரம் கூடாது.

உண்மைக் காரின் இரும்புத் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் கொண்டது. மாடலின் பிளாஸ்டிக் சுவரும் அதே ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது; அளவுக் கணக்கில் அது 25 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு ஆகிவிடுகிறது. சக்கர வளைவுகளின் விளிம்பு மாடல்களில் மொத்தையாகத் தெரிவது இதனால்தான். அனுபவமுள்ளவர்கள் அந்த விளிம்பை உட்புறமிருந்து மட்டும் சரிவாகச் சுரண்டி மெலிதாக்குகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது விளிம்பு மட்டுமே ஆதலால், மொத்தச் சுவரையும் மெலிதாக்கத் தேவையில்லை.

பாகங்களை இணைக்கும் பசை, வழக்கமான பொருளில் ஒட்டுவதே இல்லை. பியூட்டனோன், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்களைக் கொண்ட அந்தத் திரவம் இரு பரப்புகளிலும் உள்ள பாலிஸ்டைரீனை இளக்குகிறது. இளகிய சங்கிலிகள் எதிர்ப்பக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காகிவிடுகின்றன. இது பற்றவைப்புக்கு நிகரானது. மிக நீர்த்த வகையைத் தூரிகை நுனியால் இணைப்பின் ஓரத்தில் தொட்டாலே போதும், நுண்புழை ஈர்ப்பால் இடுக்கு முழுவதும் தானே பரவிவிடும். இந்த ஆவியைச் சுவாசிப்பது நல்லதன்று. காற்றோட்டமுள்ள அறையில்தான் இதைக் கையாள வேண்டும்.

ஆனால் பம்பர் போன்ற பளபளப்பான பாகங்களில் இந்தப் பசை பிடிக்காது. அவற்றின் மேல் முதலில் ஓர் அரக்குப் பூச்சு, அதன்மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், அதற்கும் மேல் ஒரு தெளிபூச்சு என மூன்று படலங்கள் உள்ளன. அலுமினியப் படலம் ஒரு மைக்ரானைவிடவும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிக மெலிது. மாடலில் அளவுக் கணக்குக்குப் பொருந்தும் மேற்பூச்சு அது ஒன்றே என்று சொல்லலாம். ஒட்டுமிடத்தில் இப்படலங்களைச் சுரண்டினால்தான் கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தொடும். குரோம் வேண்டாமென்றால் துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைக்கலாம். காரமான அக்கரைசலில் அலுமினியம் கரைந்துபோகும்.

மாற்றியமைப்பதில் மிகக் கடினமானதும், எனக்கு மிகவும் பிடித்ததும் கூரையைத் தாழ்த்துவதுதான். 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் சாம் பாரிஸ், ஜார்ஜ் பாரிஸ் சகோதரர்கள் மெர்க்குரி கார்களின் தூண்களை அறுத்துக் கூரையை இறக்கி, அந்தக் காரின் தோற்றத்தையே மாற்றிக் காட்டினார்கள். உண்மைக் காரில் நான்கு அங்குலம் என்பது 1/25 அளவில் சுமார் 4 மில்லிமீட்டர். தூண்களிலிருந்து 4 மில்லிமீட்டரை அறுத்தெடுத்துக் கூரையைக் கீழே வைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். வைத்துப் பார்த்தால் பொருந்தாது. முன்கண்ணாடித் தூண் செங்குத்திலிருந்து 30 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாகக் கொள்வோம். 4 மில்லிமீட்டர் உயரத்தை எடுத்துவிட்டால், மேல் துண்டின் முனை கீழ்த் துண்டின் முனையைவிட 2.3 மில்லிமீட்டர் பின்னால் நிற்கும். பின்தூண் முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அங்கும் அதேபோல் இடைவெளி விழும். அதாவது, கூரை இப்போது நீளம் போதாத கூரை. பக்கத் தூண்கள் உள்நோக்கியும் சாய்ந்திருப்பதால் அகலமும் சற்றுப் போதாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. தூண்களின் அடியில் பாதியளவு வெட்டி, அவற்றை இன்னும் சாய்த்து முனைகளைச் சந்திக்கச் செய்யலாம். அல்லது கூரையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, நடுவில் பாலிஸ்டைரீன் பட்டையைச் செருகி நீட்டலாம். முதல் முறையில் காருக்கு வேகமான சாயல் கிடைக்கும். இரண்டாவதில் முன்கண்ணாடியின் மூலச் சாய்வு காப்பாற்றப்படும். மெர்க்குரியின் உருண்டையான உடலுக்கு இரண்டையும் கலந்து செய்வதே அழகு என்பது என் எண்ணம். இணைப்புகளை நிரப்பக் கரைப்பான் கலந்த பட்டி என்னும் களிம்பைத் தடிமனாகப் பூசினால், ஆவி வெளியேற வெளியேற அது பல நாள்களுக்குச் சுருங்கிக்கொண்டே இருக்கும். தேய்த்துச் சமமாக்கிப் பெயின்டு அடித்த பிறகும் பழைய வெட்டுக்கோடு பள்ளமாக மேலே தெரியும். வேதிவினையால் இறுகும் இரு பகுதிக் கலவைகளில் இந்தச் சிக்கல் மிகவும் குறைவு.

அடுத்தது பெயின்டு. உண்மைக் காரின் பெயின்டுப் படலம் மொத்தமாக ஏறக்குறைய 100 மைக்ரான் கனம் இருக்கும். 1/25 அளவில் அது 4 மைக்ரானாக வேண்டும். அவ்வளவு மெலிதான படலத்தால் அடிநிறத்தை மறைக்க முடியாது. மாடலில் ஏறும் பல பூச்சுகள் சேர்ந்து அதைப்போலப் பல மடங்கு ஆகிவிடும். விளைவாகக் கதவின் இடைக்கோடுகள் நிரம்பிப்போகின்றன, எழுத்துச் சின்னங்கள் மழுங்குகின்றன. ஈரப் பெயின்டின் பரப்பு இழுவிசை வேறு, கூரான விளிம்புகளிலிருந்து திரவத்தை இழுத்து மூலைகளில் சேர்த்துவிடுகிறது. காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷால் மெல்லிய பூச்சுகளாக அடிப்பதும், இடைக்கோடுகளை முன்கூட்டியே ஆழமாகக் கீறிவைப்பதும் இதற்காகத்தான்.

உலோகத் துகள் கலந்த நிறங்களில் இன்னொரு தொல்லை உண்டு. 20 மைக்ரான் துகள் ஒன்று மாடலின் மேல் அரை மில்லிமீட்டர் தகடு போல நடந்துகொள்கிறது. 40 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து மாடலைப் பார்ப்பது, உண்மைக் காரைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் உண்மைக் காரின் துகள்கள் தனித்தனியே மின்னாமல், ஒரே பட்டுப் பளபளப்பாகக் கலந்துவிடும். ஆகையால் மிக நுண்ணிய துகளுள்ள பெயின்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெல் ஏருக்கு லார்க்ஸ்பர் நீலமும் இந்தியா ஐவரியும் போன்ற துகளற்ற இருநிறச் சேர்க்கைகள் இருந்தது மாடல் கட்டுபவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

காரின் பக்கவாட்டில் ஓடும் பளபளப்புப் பட்டைகளுக்கு வெள்ளிப் பெயின்டு ஒருபோதும் ஈடாகாது. பின்புறம் பசை பூசிய மிக மெல்லிய அலுமினியத் தாளே சரியான வழி. தாளைச் சற்றே பெரிதாக வெட்டி வைத்து, பஞ்சுக் குச்சியால் தேய்த்தால் பட்டையின் மேடுகள் தாளில் எழும்பி வரும். பிறகு புதுக் கத்தியால், அழுத்தாமல், ஓரமாக வெட்டி மிச்சத்தை உரிக்க வேண்டும். மழுங்கிய கத்தி தாளை வெட்டாமல் கிழிக்கும். எழுத்துச் சின்னங்களுக்கு இந்த வரிசையே தலைகீழாகிறது. பெயின்டுக்கு முன்பே எழுத்தின் மேல் தாளை ஒட்டி, மொத்த உடலுக்கும் பெயின்டு அடித்து, உலர்ந்தபின் எழுத்துகளின் உச்சியை மட்டும் நுண்ணிய மெருகுத்தாளால் மெதுவாகத் தேய்த்தால், அடியிலிருந்து உலோகம் வெளிப்படும்.

முடித்த மாடலிலும் வேதியியல் ஓய்வதில்லை. பல கிட்டுகளின் டயர்கள் மென்மைக்காக பிளாஸ்டிசைசர் சேர்த்த வினைலால் ஆனவை. அந்தச் சேர்மம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்குகிறது. கட்டாமல் வைத்த பழைய பெட்டிகளைத் திறந்தால், ஜன்னல் பாகத்தில் டயரின் தடம் உருகிப் பதிந்திருப்பதைக் காணலாம். கட்டிய காரிலோ சக்கர ரிம் டயரோடு இளகி ஒட்டிக்கொள்ளும். எனவே டயர்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனி உறையில் போட்டுவைப்பதும், பொருத்தும்போது டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சமையலறை அலுமினியத் தாளின் மெல்லிய பட்டை ஒன்றைச் சுற்றுவதும் நல்லது. பிளாஸ்டிசைசர் உலோகத்தை ஊடுருவுவதில்லை.