கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு மரைத்தண்டு

தந்தி வழியே வரும் பங்கு விலைகளைக் காகித நாடாவில் அச்சிட்ட பழைய பங்குச்சந்தை டிக்கர் இயந்திரத்தை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். கூண்டைப் புதிதாகச் செய்துவிடலாம். பார்க்க வேண்டியது உள்ளே, அச்சடிக்கும் சக்கரங்களின் தண்டில் வெட்டியிருக்கும் மரையை.

1867-இல் நியூயார்க்கில் எட்வர்ட் காலஹன் இந்த இயந்திரத்தை உருவாக்கும்வரை, விலைச் சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு தரகர் அலுவலகங்களுக்குப் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். டிக்கரில் இரண்டு சக்கரங்கள்: ஒன்றின் விளிம்பில் எழுத்துகள், மற்றதில் எண்கள். தந்திக் கம்பியில் ஒரு மின்துடிப்பு வந்தால் மின்காந்தம் சுண்டி இழுக்கும். சக்கரம் ஒரு பல் நகரும். வேண்டிய எழுத்து கீழே வந்ததும் இன்னொரு மின்காந்தம் காகித நாடாவை மேலே தூக்கி, மை பூசிய சக்கரத்தில் அழுத்தும். அவ்வளவுதான் அச்சு.

வம்பு எங்கே என்றால், ஒரு துடிப்பு தவறினாலும் அந்தச் சக்கரம் ஓர் எழுத்து பின்தங்கிவிடும். அதன்பின் நாடாவில் வருவதெல்லாம் உளறல். ஆள் போய்க் கையால் திருப்பி வைக்க வேண்டும். 1870-களின் தொடக்கத்தில் எடிசன் இதற்குச் செய்த ஏற்பாடு, அவருடைய மின்விளக்கைவிட எனக்குப் பிடித்தது. மரையில் ஒரு சிறு முளை பதிந்திருக்கும். அச்சடிக்காமல் சக்கரம் சில சுற்றுகள் சுற்றினால், முளை மரையின் வழியே ஊர்ந்து கடைசியில் முட்டிக்கொண்டு சக்கரத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிடும். எழுத்து பதியும் ஒவ்வொரு முறையும் முளை விடுபட்டுத் தொடக்கத்துக்குத் திரும்பும். ஆகவே அனுப்புபவர் அச்சடிக்காமல் கொஞ்சம் துடிப்புகளை விட்டால் போதும். அந்தக் கம்பியில் இருக்கும் இயந்திரங்கள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து நிற்கும்.

வேகத்துக்கு மட்டும் இதில் வழியில்லை. 1929 அக்டோபர் 29-இல் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறியபோது நாடா மணிக்கணக்கில் பின்தங்கியது. நிமிடத்துக்கு 500 எழுத்துகள் அச்சிடும் புதிய டிக்கர் 1930-இல்தான் வந்தது.

இன்று அந்தத் தந்திக் கம்பி கிடையாது. அதனால் சேகரிப்பாளர்கள் சிறு மின்னணுப் பலகை ஒன்றை இணைத்து, இணையத்தில் வரும் விலைகளைத் துடிப்புகளாக்கி அனுப்புகிறார்கள். மரையும் முளையும் தேயாமல் இருந்தால் பழைய சக்கரங்கள் இன்றைய விலையையும் பிசகாமல் அடிக்கின்றன.