வரைபடத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் பயிர் இல்லை

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி பக்கம் ஒரு கண்மாய்ப் பாசன ஊர். எவ்வளவு நிலத்தில் நெல் நிற்கிறது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கணக்கெடுத்து, அழகாக வண்ணமெல்லாம் போட்டு ஊர்க் கூட்டத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். ஒரு பெரியவர் கைபேசியை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந் தாயி, இது பூராம் வேலிக்கருவையில்ல? இங்க நெல்லு வெதச்சு எத்தன வருசமாச்சு!"

நேரில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

இலை உயிரோடு இருந்தால் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை அளந்துதான் செயற்கைக்கோள் படம் தரும் இணையதளங்கள் பச்சை காட்டுகின்றன. நெல் இலையா, வேலிக்கருவை என்கிற சீமைக் கருவேல இலையா என்பது ஒரே ஒரு படத்தில் தெரியாது. தரிசையெல்லாம் விளைநிலம் என்று எண்ணிவிட்டால், அரிசி இல்லாத ஊரிலும் அரிசி இருப்பதாகத் தாளில் வந்துவிடும், உதவி தேவைப்படும் வருடத்தில் அந்த ஊரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, அதற்கு நம்ம ஊர்ப் பருவம் தெரிந்திருந்தால் போதும். இங்கே நெல்லைப் புழுதியில் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்போம், தையில் அறுப்போம். வைகாசி வெயிலில் வயல் வெறும் மண்ணாகக் கிடக்கும், ஆனால் ஆழமாக வேர் விட்ட கருவை அப்போதும் பச்சையாகத்தான் நிற்கும். ஆக மார்கழிப் படத்தையும் வைகாசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் பச்சை என்றால் பெரும்பாலும் கருவை அல்லது பனை, தோப்பு. மார்கழியில் பச்சை, வைகாசியில் வெறுமை என்றால் பெரும்பாலும் பயிர். முண்டு மிளகாய்க்கு (2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான்) மாசி, பங்குனிப் படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், நெல் அறுத்த பிறகும் அது நிலத்தில் நிற்கும்.

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை இலவசமாகவே கிடைக்கின்றன. அதில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு நாற்பது புள்ளி வரும், வரப்பு தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துக்கொள்ளும், நமக்குப் படம் ரொம்பத் தேவைப்படும் நேரமும் அதுதான். அப்போது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்துக்குப் போங்கள். கண்மாயில் அலையில்லாமல் தேங்கிய தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும், எந்தக் கண்மாய் நிரம்பியது, எது நிரம்பவில்லை என்று வீட்டில் இருந்தே பார்த்துவிடலாம்.

என் அனுபவத்தில் இந்த வரைபடங்களால் அதிகப் பலன் வரத்துக்காலில்தான், அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயில்தான். மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தும் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால், நடுவில் எங்கோ அடைத்திருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் திறந்து கால்வாயைக் கோடு கோடாகத் தொடர்ந்து பாருங்கள், எந்த வருடத்துக்குப் பிறகு எந்த இடத்தில் அது கருவைக்குள் மறைகிறது என்று தெரியும். அப்புறம் மடை தெரிந்த, கலுங்கு (உபரித் தண்ணீர் வழியும் இடம்) தெரிந்த ஊர்க்காரர்கள் நாலு பேரோடு நடந்து, அடைத்த இடங்களில் கைபேசியில் குறி வைத்து, படம் எடுத்து மனுவோடு கொடுங்கள். "கால்வாயைத் தூர்வாரித் தாருங்கள்" என்று வெறுமனே எழுதுவதைவிட இதற்கு வலு அதிகம்.

கடலோரத்தில் இன்னொரு வரைபடமும் வேண்டும், கிணற்றுத் தண்ணீர் வரைபடம். உவர் ஏறுவதைச் செயற்கைக்கோள் சொல்லும்போது பெரும்பாலும் மண் வெளுத்திருக்கும், காலம் கடந்திருக்கும். உப்பு அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஊர்ப் பொதுவில் வாங்கி, ஆனியில் ஒரு தடவை, தையில் ஒரு தடவை ஒவ்வொரு கிணற்றையும் அளந்து பொது வரைபடத்தில் ஏற்றுங்கள். அந்தத் தண்ணீர் பாய்ந்து மண்ணின் உப்பு மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸை (உப்பை அளக்கும் அலகு) தாண்டினால் நெல் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும், மிளகாய்க்கு 1.5-லேயே சிக்கல். மோட்டாரைக் கூட நேரம் ஓட்டும் கிணறுகளில் எது ஒவ்வொரு வருடமும் உப்பேறிக்கொண்டே போகிறது என்று ஊரே ஒன்றாகப் பார்த்தால், யாரும் யாரையும் குறை சொல்லாமல் பேச முடிகிறது.

அந்த வரைபடத்தில் கிணற்றுக்கு எண் மட்டும் போடுங்கள், ஆள் பெயர் வேண்டாம், உப்புக் கிணறு என்று தெரிந்தால் நிலத்தின் விலை பேசுகிறவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள். கைபேசிக் குறி சில மீட்டர் தள்ளி விழும், ஆகவே அதை வைத்து வரப்புத் தகராறுக்குப் போகாதீர்கள், எல்லைக்குப் புலப்படமும் (அரசு நில அளவை வரைபடம்) சர்வேயரும்தான்.

அந்தப் பெரியவரை இப்போது ஒவ்வொரு படத்துக்கும் கூப்பிட்டுக் காட்டுகிறேன். போன வைகாசியில் பச்சையாக நின்ற ஒரு நிலத் தாக்கைக் காட்டி, கருவை என்றே நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். "அது ஊரணித் தண்ணி பாயிற கொய்யாத்தோட்டம் தாயி" என்றார். மாற்றி எழுதிக்கொண்டேன்.